மெயின்லேண்ட் போன தோணிக்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை என் மருமகன் சினிமா பார்த்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றிய வேகத்தில் ஒன்று கதவுக்கு வெளியே போய் விழுந்தது. நாற்பது வயது, பேங்க் உத்தியோகம், தலையில் பாதி நரை. சின்ன வயதில் படித்த காமிக்ஸ்களை இன்னமும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பாதுகாக்கிறவர். அதில் ஒன்றைப் படமாக எடுத்திருக்கிறார்களாம்.

“கெடுத்துட்டாங்க மாமா. கடைசிச் சண்டை மழையில நடக்கணும். புக்ல பக்கம் பக்கமா மழை. இவனுங்க வெயில்ல எடுத்து வச்சிருக்கானுங்க.”

“மழையில நின்னா நடிக்கிறவனுக்குச் சளி பிடிக்கும்ல” என்றேன். என் கவலை அந்த நேரத்தில் என் முழங்காலைப் பற்றியது.

“உங்களுக்கு இதெல்லாம் புரியாது மாமா” என்று சொல்லிவிட்டு, அத்தாட்சிக்கு அந்தப் புத்தகத்தையே உறையிலிருந்து உருவி என் மடியில் போட்டார்.

எனக்கா புரியாது? கோபம் வரத்தான் செய்தது. ஆனால் கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. சும்மா பக்கத்தைப் புரட்டினேன். மட்டமான காகிதம் பழசாகும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், லேசாகப் புளித்தது போல, அது வந்தது. அதோடு அந்தமான் படாக் மரத்தூள் வாசனையும் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். திருநெல்வேலி அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் மரத்தூளுக்கு எங்கே போவது? எல்லாம் என் மூக்கு செய்கிற வேலை.

அறுபதுகளில் நான் அந்தமானில், சாத்தம் தீவில் மரம் அறுக்கிற மில்லில் டைப்பிஸ்ட். கோவில்பட்டியில் வேலை தேடித் தேடிச் செருப்புத் தேய்ந்து, கடைசியில் கப்பலேறியவன். நாலு நாள் வாந்தி எடுத்துக்கொண்டே அந்தமான் போய்ச் சேர்ந்தேன். மில்லை ஒட்டி ஒரு தமிழ் மெஸ். தமிழ் மெஸ் என்று பெயர்தானே தவிர, சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் தெலுங்கர், வங்காளி, மலையாளி, ராஞ்சியிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி உண்டு. அதை ஹிந்திக்காரன் கேட்டால் அழுவான்.

ஆரோக்கியசாமி அண்ணாச்சி அந்த மில்லில் டேலி கிளார்க். அறுத்த பலகையை எண்ணிக் கணக்கு வைக்கிற வேலை. தூத்துக்குடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், என் அறைத்தோழர், குறட்டை மன்னர். அவர் வாயைத் திறந்தால் மெஸ்ஸில் சோறு ஆறிப்போகும். அப்படிக் கதை சொல்லுவார். கப்பல் வந்த அன்று மெட்ராஸ் வாரப்பத்திரிகைகள் கட்டாக இறங்கும். மெஸ்ஸுக்கு ஒரே ஒரு பிரதி. அதில் ஒரு படக்கதை தொடராக வந்துகொண்டிருந்தது. நாட்டை இழந்த இளவரசன் ஒருவன் தோணியில் தப்பிப் போகிறான். அவனோடு உயிருக்கு உயிராக ஒரு தோணிக்காரன். அண்ணாச்சி பத்திரிகையை எல்லோரும் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து, தமிழில் ஒருதரம், ஹிந்தியில் ஒருதரம் சொல்லுவார். குதிரை வந்தால் குதிரையாகவே ஆகிவிடுவார்.

அப்பலம்மா தவறாமல் கேட்பாள். ஸ்ரீகாகுளம் பக்கத்து மீன்காரப் பெண், மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிறவள், இருபத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் நாரய்யா ஒருநாள் காலையில் மீன்பிடிக்கத் தோணியில் போனவன் திரும்பவில்லை. தோணியும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போயிருக்கும், ஏதாவது ஒரு கப்பல்காரன் தூக்கிப்போட்டுக்கொண்டு மெயின்லேண்டில் இறக்கியிருப்பான் என்று யாரோ சொல்ல, அதையே எல்லோரும் சொன்னோம்.

இந்த மெயின்லேண்ட் என்கிற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே கோவில்பட்டியாகட்டும், கல்கத்தாவாகட்டும், எல்லாம் ஒரே மெயின்லேண்ட். லீவில் போனவன், மாற்றலாகிப் போனவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், யாரைக் கேட்டாலும் “மெயின்லேண்ட் போயிருக்கான்” என்பதுதான் பதில். கூடவே “அடுத்த கப்பல்ல வருவான்” என்றும் சொல்லிவிடுவார்கள். சிலர் வரவும் செய்தார்கள்.

அப்பலம்மா நெற்றியில் பொட்டும் கையில் கண்ணாடி வளையலுமாகக் காத்திருந்தாள். மில்லில் ரம்பம் தீட்டுகிற சிம்மாசலம் அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவனும் தெலுங்கன்தான். நல்ல பையன், குடிக்கமாட்டான், அதிகம் பேசவும் மாட்டான். மெஸ்காரர் மூலமாக ஒருதரம் கேட்டுப் பார்த்தான். “அவர் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?” என்று ஹிந்தியில் கேட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். வந்து நிற்கமாட்டான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு கப்பலில் பத்திரிகைக் கட்டு கடல்தண்ணீரில் ஊறிக் கூழாக வந்து சேர்ந்தது. தீவு முழுக்க யாருக்கும் அந்த இதழ் கிடைக்கவில்லை. முந்தின இதழ் புயலில் தோணி கவிழ்வதோடு நின்றிருந்தது. அதற்கடுத்த இதழில் இளவரசன் கரையில் தனியாக நடந்து போகிறான். நடுவில் என்ன ஆயிற்று? அண்ணாச்சி பத்திரிகையை விரித்ததும் அப்பலம்மா கை ஈரத்தோடு வந்து நின்றாள்.

“பாபுஜி, நாவ்வாலா கிதர் கயா?” தோணிக்காரன் எங்கே என்றுதான் கேட்டாள்.

அண்ணாச்சிக்குத்தான் கதை நின்றால் மூச்சு நின்றுவிடுமே. “ஜஹாஸ்வாலா உட்டா லியா. மெயின்லேண்ட் மே ஹை” என்றார். கப்பல்காரன் தூக்கிக்கொண்டான், மெயின்லேண்டில் இருக்கிறான்.

“ஆயேகா?” வருவானா என்று கேட்டாள்.

“ஆயேகா, ஆயேகா.”

வாய் தவறி வந்ததுதான். ஆனால் அதைக் கேட்டு அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு அவரால் அதை மாற்ற முடியவில்லை. பத்திரிகையில் முன்கதைச் சுருக்கம் என்று நாலு வரி இருந்தது. அதில் “தோணிக்காரனை இழந்த இளவரசன்” என்று போட்டிருந்தான். நான் அதைக் காட்டினேன்.

“இழந்தான்னா என்னவே அர்த்தம்? நாட்டையுந்தான் இழந்தான். நாடு செத்தா போச்சு? கை விட்டுப் போச்சுன்னு அர்த்தம். செத்தாம்னா செத்தாம்னு போட்டிருப்பாம்லா!”

மெஸ்ஸில் இருந்த தமிழர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அன்றைக்கு அந்த வாதம் ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.

அப்புறம் ஒவ்வொரு கப்பலுக்கும் இதே பாடு. படத்தில் தோணிக்காரன் இல்லை. அவள் கேட்பாள். இவர் ஒன்று சேர்ப்பார். அவன் மெயின்லேண்டில் மூங்கில் வெட்டுகிறான், புதுத் தோணி கட்டுகிறான், காய்ச்சலில் படுத்திருக்கிறான். இளவரசன் வானத்தைப் பார்த்தால் தோணிக்காரனை நினைக்கிறான், தரையைப் பார்த்தாலும் தோணிக்காரனைத்தான் நினைக்கிறான். கதை எழுதினவரே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால், பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்.

நான் லீவில் ஊருக்குப் போனபோது, முடி வெட்டிக்கொள்ளப் போன சலூனில் அந்தப் பழைய இதழைப் பார்த்தேன். கட்டம் கட்டமாக, ஒளிவு மறைவில்லாமல் வரைந்திருந்தார்கள். தோணிக்காரன் கரையில் மல்லாந்து கிடக்கிறான். இளவரசன் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறான். கடைசிக் கட்டத்தில் சிதை எரிகிறது. அதற்கு மேல் எந்த இழந்தானுக்கும் இடமில்லை. திரும்பி வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். பாயில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தப் புள்ளகிட்டப் போயி யாரு சொல்லுவா? நீரு சொல்லுதீரா?”

நான் சொல்லவில்லை. தொடர் முடிந்தும் போயிற்று. இளவரசனுக்குப் பட்டாபிஷேகம். அன்றைக்கும் தோணிக்காரன் வரவில்லை. கப்பல் கிடைக்கவில்லை என்று அண்ணாச்சி சமாளித்தார். அந்தமானில் அந்தச் சாக்கை யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

அதற்கப்புறந்தான் அந்தப் படக்கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். போர்ட் பிளேரில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைக்குப் படம் வந்தது. “நீங்கள் படித்த படக்கதை, ஒரு கட்டம்கூட மாறாமல்!” என்று சுவரொட்டி. தமிழ்ப் படம் ஓடும்போது மற்றவர்களுக்காக ஓர் ஆள் மைக் பிடித்து ஹிந்தியில் விளக்கம் சொல்லவேண்டும், அது அங்கே வழக்கம். கொட்டகைக்காரர் தேடி வந்தது வேறு யாரை? அண்ணாச்சியைத்தான்.

“அப்பலம்மாவும் வருவாளே அண்ணாச்சி” என்றேன். அண்ணாச்சியோ நிம்மதியாக இருந்தார். “நல்லதாப் போச்சுவே. நம்ம வாயால சொல்லமுடியாதத சினிமாவே சொல்லிரும். நாவ்வாலா செத்துட்டாம்னு அவ கண்ணால பாத்துட்டாள்னா, மத்ததும் அவளுக்கே புரிஞ்சிரும். சிம்மாசலமும் எத்தன நாளைக்குத்தாம் ரம்பத்தயே பாத்துக்கிட்டு இருப்பாம்?”

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். மில் மொத்தமும் பாலத்தைத் தாண்டி நடந்து போயிற்று. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அந்தமான் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவன் தும்முவதுகூடக் கேட்காது. படத்தில் பேசுகிறவர்களின் வாய் அசைகிறது, அவ்வளவுதான். தமிழனுக்கும் சரி, மற்றவனுக்கும் சரி, அன்றைக்கு மைக்கில் வந்த அண்ணாச்சியின் குரல்தான் கதை.

படமோ, சும்மா சொல்லக்கூடாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. படக்கதையில் குதிரை எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அதே பக்கம் நின்றது. என் வாழ்நாளில் மூலத்துக்கு அவ்வளவு விசுவாசமாக ஒரு சினிமாவை நான் பார்த்ததில்லை. என் மருமகன் பார்த்திருந்தால் திரைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டிருப்பார்.

புயல் வந்தது. தோணி கவிழ்ந்தது. கரையில் தோணிக்காரன் மல்லாந்து கிடந்தான். அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து ஸ்டூலில் இருந்த என் பக்கம் திரும்பினார்.

“என்னவே சொல்லட்டும்?”

“உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி.”

கையை எடுத்தார். “நாவ்வாலா மர் கயா” என்றார். செத்துவிட்டான். அந்தக் குரலில் அவர் அதுவரை எதையுமே சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நடிப்பும் இல்லை.

மழைச் சத்தத்தை மீறிப் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அலறல். அப்பலம்மா பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

“ஜூட்! சினிமாவாலா ஜூட் போல்தா ஹை!” பொய், சினிமாக்காரன் பொய் சொல்கிறான். “நாவ்வாலா மெயின்லேண்ட் மே ஹை! பாபுஜி போலா தா!” பாபுஜியே சொன்னாராம்.

அவ்வளவுதான். கொட்டகை பற்றிக்கொண்டது. ஆமாம், மெயின்லேண்டில்தானே இருக்கிறான்! மூங்கில் வெட்டினானே! காய்ச்சலில் படுத்தானே! தெலுங்கன் கத்தினான், ராஞ்சிக்காரன் பெஞ்சைத் தட்டினான், “கதையக் கெடுத்துட்டானுங்க பாவிங்க” என்று நம் ஆட்கள் சீட்டியடித்தார்கள். ஒரு கட்டம்கூட மாறாமல் எடுத்த படத்தை, மூலத்தைக் கொலை செய்துவிட்டதாக அடிக்காத குறையாகத் திட்டித் தீர்த்தார்கள். திரையில் சிதை எரிந்துகொண்டிருந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. அண்ணாச்சி மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சிம்மாசலம் மட்டும் கத்தவில்லை. அப்பலம்மா இறங்கும்போது பெஞ்சு ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் அவளுக்குப் பிடிவாதம் வந்தது. இங்கே உட்கார்ந்திருந்தால் கண்டவனும் செத்தான் என்றுதான் சொல்லுவான், நானே விசாகப்பட்டினம் போய்த் தேடுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். கப்பல் நிற்கிற ஜெட்டியில் அவள் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தவன் சிம்மாசலம். அண்ணாச்சி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நானும் பின்னால் ஓடினேன். எல்லோருக்கும் முன்னால், அவருடைய உடைந்த ஹிந்தியில், எல்லாவற்றையும் சொன்னார். அந்த இதழ் வரவே இல்லை, நான்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், சினிமாவில் வந்ததுதான் நிஜம், போகாதே அம்மா.

அவள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“ஆப் பீ சினிமாவாலா கா தரஃப் ஹோ கயா, பாபுஜி?” நீங்களும் சினிமாக்காரன் பக்கம் சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டு ஏணியில் ஏறிப் போய்விட்டாள்.

விசாகப்பட்டினம் கப்பல் ஒன்று வந்தது, இரண்டு வந்தது, அவள் வரவில்லை. மூன்றாவது வந்துபோன அன்று சாயங்காலம் சிம்மாசலம் எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். அவ்வளவு காலத்தில் அவன் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி கேட்டு அன்றுதான் பார்த்தேன்.

“ஓ ஆயேகா, பாபுஜி?” அவள் வருவாளா என்று கேட்டான்.

வருவாள், அடுத்த கப்பலில் வருவாள் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லவேண்டுமென்றுகூட எனக்கு இருந்தது. அண்ணாச்சி சட்டையை மாட்டினார், கழற்றினார். “மாலூம் நஹி, பேட்டா” என்றார். தெரியாது, மகனே. அவன் போய்விட்டான்.

அதற்குப் பிறகு மெஸ்ஸில் யாரும் கதை கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்திரிகை வந்தால் எழுத்துத் தெரிந்தவன் தனியாக எடுத்துக்கொண்டு போய்ப் படித்தான். சில வருஷங்களுக்கு முன் ஒருதரம் அந்தமானுக்கு விமானத்தில் போய்ப் பார்த்தேன், இரண்டே மணி நேரம், வாந்தி இல்லை. மெஸ் இல்லை, கொட்டகை இருந்த இடமும் தெரியவில்லை. அண்ணாச்சி தூத்துக்குடியில் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று. அப்பலம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே விசாரிக்கலாம் என்று பார்த்தால், அவளைத் தெரிந்தவர்களே ஒருவரும் மிச்சமில்லை.