மாமியார் துவைச்ச ரவுடிக் கூட்டம்

சத்தியமா நடந்த கதை இது. ஒரு எழுத்து கூட்டல. சரி சரி, அப்படிப் பாக்காதீங்க, அங்கங்க கொஞ்சம் இழுத்து விட்டிருக்கேன்.

அழுக்கக்கான்னு ஒருத்தி. சினிமாவுக்குத் துணிய அழுக்காக்குறதுதான் அவ பொழப்பு. புதுச் சட்டைய அவ கையில குடுத்தா, சாயங்காலத்துக்குள்ள அதுக்கு அறுபது வயசாயிடும். காலரை உப்புத்தாள்ல தேய்ப்பா, டீத்தண்ணியில முக்குவா, முழங்கையில கிரீஸ் தடவுவா. அதப் பாத்து எலியே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடிச்சாம்.

அப்ப ஒரு படம். உலகம் நாசமாப் போயி, ஊர்ல சொட்டுத் தண்ணி இல்லாம, வாலிபப் பசங்க கும்பல் கும்பலாச் சேந்து வெட்டிக்கிற படம். ஹீரோ, சாகக் கெடக்குற கூட்டாளியத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுறான். ஜாக்கெட்டோட இடது தோள்ல ரத்தக் கறை. வேர்வையில கரையக் கூடாதுன்னு சாயத்துல வார்னிஷ் கலந்து அக்காவே பூசினது. அந்த ஓட்டத்துல பாதியப் படம் புடிச்சாச்சு, மீதி மறுநாள். முத நாள் இருந்த எடத்துலேர்ந்து கறை ஒரு விரல் நகந்தாலும் வேலை காலி. முன்னாடி இருந்தவன ஒரு பட்டன் மாறினதுக்கே டைரக்டர் வீட்டுக்கு அனுப்பிட்டாரு.

அன்னிக்குன்னு பாத்து செட்டுல துணி வைக்கிற ரூம் ஒழுகுச்சு. அக்கா ரவுடிங்க துணி அத்தனையும் மூட்டையாக் கட்டி வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து, பாத்ரூம் வாசல்ல வச்சுட்டுப் படுத்துட்டா. மாமியார் அன்னிக்குத்தான் வந்து எறங்கியிருந்தாங்க. மருமகளுக்கு சினிமாவுல ஏதோ துணி வேலைங்கற வரைக்கும்தான் அவங்களுக்குத் தெரியும்.

காலையில பாத்தா, பால்கனிக் கொடியில அத்தன ரவுடியும் பளபளன்னு தொங்குறானுங்க. பாதிப் பேரக் கஞ்சி போட்டு, தேய்ச்சு, மடிச்சும் வச்சாச்சு.

அக்கா கொடிகிட்ட ஓடினா. "அத்தை, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீ ஓடா உழைக்கிறியே, ஒரு கை குடுப்போம்னுதான். இவ்ளோ அழுக்கையுமா சேத்து வைப்ப?"

"அது அழுக்கில்ல அத்தை, என் வேலை."

எம்புள்ள ஏமாந்துட்டானோங்கற மாதிரி பாத்தாங்க மாமியார்.

"தண்ணியே இல்லாத ஊரு அது. அவனுங்களுக்கு யாரு கஞ்சி போட்டுக் குடுத்தாங்கன்னு கேக்க மாட்டாங்களா?"

"தண்ணியில்லாத ஊர்ல எதுக்குடி சண்டை போட்டுத் திரியறானுங்க? ஒரு கிணறு தோண்டலாமில்ல?"

அக்கா தரையிலயே உக்காந்துட்டா. மாமியார் குரல் இறங்கிப் போச்சு.

"கோவிச்சுக்காதம்மா. ஒண்ணே ஒண்ணுகிட்டதான் தோத்துட்டேன். சோப்பு, எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், உங்க மாமனாரத் திட்டுற திட்டு, எல்லாம் போட்டாச்சு. அசைய மாட்டேங்குது."

முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருந்தத நீட்டினாங்க. ஹீரோ ஜாக்கெட்டு. இடது தோள்ல கறை, வச்சது வச்ச மாதிரி.

அக்கா மாமியாரக் கட்டிப் புடிச்சு அழுத அழுகையில, காய வச்ச துணி மறுபடி ஈரமாயிடுச்சு. மத்ததெல்லாம் டீத்தண்ணியும் கிரீசும்தானே, செட்டுக்குப் போற வழியிலயே வேன்ல உக்காந்து பூசிட்டா. மிச்சத்துக்கு ரவுடிங்கள வரிசையா மண்ணுல உருளச் சொன்னா. டைரக்டர் வந்து, "பரவால்லையே, சொல்லாமலே ஒத்திகை பாக்குறாங்க"ன்னு கேமராவ ஓட்டிட்டாரு.

"பாவம், அந்தம்மா நல்லதுக்குத்தானே செஞ்சாங்க?" கையில கரண்டியோட கதை கேட்டுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க.

"கேக்காம அடுத்தவங்க மூட்டையப் பிரிக்கிறது நல்லதா?" இது அவங்க மருமக.

"அப்ப நான் உன் துணியத் துவைச்சுப் போடறதும் தப்புதான்."

"நான் உங்களச் சொல்லல அத்தை."

"பின்ன யாரச் சொன்ன?"

தாயீ, கதை முடிஞ்சுபோச்சு. அந்தக் கரண்டிய முதல்ல கீழ வைங்க.