எதிர் பெஞ்சைப் பார்த்தேன்

எங்கள் கல்லூரி கூடைப்பந்து அணியைக் கெடுத்தது பழைய கோச்தான். பி.ஏ. முடித்ததும், அணியில் முக்கியமாக ஆடிய நாங்கள் ஐந்து பேரும் இங்கேயே எம்.ஏ. படித்து ஒன்றாகவே ஆடுவதாகத்தான் பேச்சு. அவர் வேறு கல்லூரிக்கு வேலை மாறினார். மற்ற நாலு பேரையும் அங்கே சேர்த்துவிட்டார். கேப்டனான என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத்திக்குப்பம் கடற்கரையில் படகு மறைவில் உட்கார்ந்து அழுதேன்.

நான் மட்டும் இங்கேயே எம்.ஏ. சேர்ந்தேன். புதிதாக ஒரு மேடம் கோச்சாக வந்தார்.

"இவங்களும் நல்லா ஆடறவங்கள அள்ளிக்கினு போவாங்களாடி?" என்றேன் அணியில் மிச்சமிருந்த நஸ்ரினிடம்.

"அள்ளிக்கினு போக இங்க யாரு இருக்கா?" என்று சிரித்தாள்.

முதல் மேட்ச்சே பழைய கோச்சின் புது அணியோடு. சுலபமான ஷாட்டைத் தவறவிட்டேன். தவறினால் உடனே கோச் முகத்தைப் பார்ப்பது எங்கள் பழக்கம். எவ்வளவு திட்டு விழும் என்று அதிலேயே தெரிந்துவிடும். அன்றும் திரும்பினேன். என் கண் எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டது. அவர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

பந்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் டைம் அவுட் கேட்டார்.

"அங்க என்னம்மா பார்வை?"

"சாரி மேடம். இனிமே உங்களைப் பாக்கறேன்."

"என் மூஞ்சியையும் பாக்காத. ஷாட் தவறினா பந்து கீழ வரும்ல? அதப் போய் எடு."

அடுத்த ஷாட்டும் தவறியது. யாரையும் பார்க்காமல் ஓடிப்போய்ப் பந்தைப் பிடித்தேன்.

மோசமாகத் தோற்றோம். அந்த ஆளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் இந்த மேடம் கையில் எங்கள் அணி நிச்சயம் தேறும். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன். இந்த எம்.ஏ.வோடு என் ஆட்டம் முடிகிறது.