நிபுணருக்கு இடப்பக்கத்துக் கதிரை

எங்கள் ஆஸ்பத்திரியில் மருத்துவர்களைப் பயிற்றுவித்த வரலாறு முழுவதும் கருத்தரங்கு அறைக்குப் போகும் நடைச்சுவரில் தொங்குகிறது. ஒவ்வொரு அணியும் பயிற்சி முடித்துப் போகும்போது எடுத்த படங்கள். ஆகப் பழையதில் அந்தக் காலத்து உதவி வைத்தியர்களான அப்போதிக்கரிமார் வெள்ளைக் கோட்டோடு விறைத்து நிற்கிறார்கள். பிறகு உள்ளகப் பயிற்சிக்கு வந்த இளம் டொக்டர்மார். யுத்த காலத்துப் படமொன்றில் வைத்திய நிபுணரும் ஒரேயொரு பயிற்சியாளரும் மட்டும். மற்றவர்கள் திருகோணமலை என்றதும் வேறு ஊர் கேட்டிருப்பார்கள். இப்போது மேற்படிப்புக்கு ரெஜிஸ்ட்ரார்மாரும் வருகிறார்கள். ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. படத்தில் நிபுணருக்கு இடப்பக்கத்துக் கதிரை, உள்ளகப் பயிற்சிக்காரரில் அவருக்கு ஆகப் பிடித்தவருக்கு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

உள்ளகப் பயிற்சிக்கு வந்த முதல் வாரமே அந்தக் கதிரை எனக்குத்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

என்னோடு அதே வாட்டில் பயிற்சி செய்தவள் கிண்ணியாவிலிருந்து வந்தவள். நிபுணர் கேள்வியை முடிக்க முன்னரே நான் பதில் சொல்வேன். அவளோ, "தெரியாது சேர், பாத்துச் சொல்றன்" என்பாள், வெட்கமே இல்லாமல். ஆனால் நோயாளிகளுக்கு அவள்தான் வேண்டும். இலங்கைத்துறை மீனவர் ஒருவருக்குச் சேலைன் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நான் திரும்பவும் ஊசியை எடுக்க, அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"டொக்டர், நீங்க நல்லாப் படிச்ச ஆள்தான். எண்டாலும் என்ட கை என்ன, நீங்க எழுதிப் பழகிற கொப்பியா? அந்தக் கிண்ணியா மகள வரச் சொல்லுங்கோ."

பக்கத்துக் கட்டில் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் வந்தாள், எந்தப் பக்கம் வலை போடுவீர்கள் என்று கேட்டாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறிவிட்டது.

கடைசி வாரம் நிபுணர் அவளிடம்தான் சொன்னார்: "படத்துக்கு நீங்கள் எனக்குப் பக்கத்தில இருங்கோ."

கன்டீனில் அவளுக்கு வாழ்த்துச் சொன்னேன். வாய் மட்டும் சொன்னது.

"எனக்கு என்னத்துக்குக் கதிரை? நிண்டா உயரமாத் தெரிவன்," என்று ரோல்ஸைக் கடித்தாள்.

வருடம் முழுக்க நான் ஏங்கிய இடம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை! கதிரை கைவிட்டுப் போனதைவிட அதுதான் என்னை எரித்தது.

படமெடுக்கும் காலையில் போர்ட்டிகோவில் எல்லோரும் வரிசைக்கு வந்துவிட்டோம். கடற்காற்றில் கோட்டுகள் படபடத்தன. அவள் கதிரையில் இருந்தாள், நான் அவளுக்கு நேர் பின்னால். அந்நேரம் தாதி ஒருவர் மூச்சிரைக்க அவளிடம் ஓடி வந்தார்.

"டொக்டர், மூலைக் கட்டில் அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில நிக்கிறார், எண்டாலும் அவ உங்களத்தான் கேக்கிறா."

நிபுணர் தலையசைக்க முன்னரே அவள் எழும்பி ஓடிவிட்டாள். படக்காரர் எங்களைப் பார்த்தார், நிபுணர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளினிக்கில சனம் நிக்குது, காத்திருக்க ஏலாது." என் பக்கம் திரும்பினார். "நீங்கள் வந்து இருங்கோ."

இருந்தேன். கதிரையில் அவளுடைய சூடு இன்னும் ஆறவில்லை.

"கொஞ்சம் சிரியுங்கோ டொக்டர்," என்றார் படக்காரர்.

சிரித்தேன். காதோ வாட்டுப் பக்கம் தேய்ந்துபோகும் அவளுடைய செருப்புச் சத்தத்தில் இருந்தது. ஒரே ஒரு தரம் அப்படிக் கூப்பிடப்பட்டு ஓடுவதற்கு அந்தக் கதிரையை அந்த இடத்திலேயே கொடுத்திருப்பேன். என்னை ஒருவரும் கேட்கவில்லையே.