ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மஞ்சு

போனில் ‘மஞ்சு’ என்று வந்ததும், “ஏட்டி, லீவு போதும், எப்ப டியூட்டிக்கு வாரே?” என்றுதான் எடுத்தேன். ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தவளிடம் நான் வழக்கமாகக் கேட்பது அது. “அக்கா, நான் அவ தம்பி பேசறேன்” என்றது மறுமுனை. அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மஞ்சுவோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? நம் ஓசூர் ஆலையின் டேட்டாபேஸ் முழுக்க அவள் கையில் இருந்தது. உத்தனப்பள்ளிக்காரி. அம்மாவிடம் தெலுங்கு, கேட் செக்யூரிட்டியிடம் கன்னடம், என்னிடம் தமிழில் வசவு. தோட்டத்துத் தக்காளியைப் பை நிறையக் கொண்டுவந்து, குளிர்ச்சிக்காக சர்வர் அறையில் வைப்பாள். ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டு விழித்தபோது, “சார், இதுவும் பேக்கப்தான்” என்றாள். அந்தத் திமிர் வேறு யாருக்கு வரும்!

இரண்டு வருடத்துக்கு முன்னால், நம் ஸ்டாக் விவரம் கிருஷ்ணகிரி யூனிட்டின் சர்வரிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நகலாகும்படி ஒரு மென்பொருளை நானும் அவளும் நிறுவினோம். ‘லாகின் ஃபெயில்டு’ என்று வந்துகொண்டே இருந்தது. தென்காசிக்காரியான எனக்குப் பொறுமை குறைவு. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடித்தேன். கீபோர்டு உடையாததுதான் மிச்சம்.

“பாஸ்வேர்டு மேல என்னாத்துக்குடி கோவம்? வெளிய நிக்கறவங்களுக்கு சர்வர் எப்பவும் இதே பதில்தான் சொல்லும். நெஜமான காரணத்தை உள்ள லாக்ல, அதான் அதோட பதிவேட்டுல, எழுதி வெச்சிருக்கும். அதைப் படி” என்றாள்.

படித்தோம். டேட்டாபேஸுக்குள் நாங்கள் உருவாக்கிய பெயரை அந்த சர்வர் ஏற்கவே ஏற்காது. கம்பெனி கொடுத்த விண்டோஸ் கணக்கைத்தான் ஏற்கும். மென்பொருளுக்கென்று தனிக் கணக்கு வாங்கப் படிவம், கையெழுத்து என்று ஒரு வாரமாகும். கிருஷ்ணகிரியோ அன்றைக்கே வேண்டும் என்று நின்றது.

“இப்போதைக்கு என் கணக்கைப் போடு. ஆனா நாளைக்கே படிவம் குடுத்து மாத்திடணும். மனுஷங்க பேர்ல மெஷின் ஓடக்கூடாது, செல்வி.”

“நாளைக்கு மாத்திருதேன்” என்றேன். மாற்றவில்லை. அவளும் மாதம் ஒருமுறை, “உன் நாளைக்கு எப்போடி விடியும்?” என்று சிரிப்பாள். ஓடிக்கொண்டிருக்கிறதே என்று நானும் சிரித்து மழுப்புவேன்.

அவள் போன மறுநாள், என்னவோ தோன்றி லாகைத் திறந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் பெயர் கிருஷ்ணகிரி சர்வருக்குள் போய்க்கொண்டிருந்தது. லாகின் வெற்றி. லாகின் வெற்றி. நான் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். பணியாளர் பிரிவு எப்படியும் அவள் கணக்கை மூடும், அன்றைக்கு எல்லாம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றவில்லை. முன்பு சோம்பல், இப்போது ஆசை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள் இருக்கும். கிருஷ்ணகிரி ஸ்டோரிலிருந்து போன். “மேடம், காலையில இருந்து ஸ்டாக் மாறவே இல்லீங்க. லாரி நிக்குது, பில்லு போட முடியல.”

திரையில் அதே ‘லாகின் ஃபெயில்டு’. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு லாகைத் திறக்கப் பயமாக இருந்தது. திறந்தேன். கணக்கு மூடப்பட்டுள்ளது என்று காரணம் எழுதியிருந்தது.

சிஸ்டம் அட்மினிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் கணக்கை மறுபடி திறந்துவிடுவார். ரிசீவரைக் கையில் எடுத்தும்விட்டேன். அவள் இருந்தால் என் தலையில் குட்டியிருப்பாள். மென்பொருளுக்குத் தனிக் கணக்குக் கேட்டுப் படிவத்தை நானே கொண்டுபோய், கையெழுத்து வாங்கும்வரை ஒவ்வொரு மேசையாக நின்றேன். மதியம் கணக்கு வந்தது. மஞ்சுவின் பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரை அடித்தேன். லாரி கிளம்பியது. நான் சர்வர் அறைக்குள் போய் அழுதேன். தக்காளி வாசனைகூட மிச்சமில்லை.

இப்போது எந்தப் பிழை வந்தாலும், கோபப்படுமுன் லாகைப் படிக்கிறேன். அது அவள் கொடுத்தது. இன்னொன்றும் என்னிடம் இருக்கிறது, மஞ்சு: என் போனில் உன் நம்பர். உன் தம்பி அந்த சிம்மை போன் கம்பெனிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டானாம். கூப்பிட்டால் இனி யாரும் எடுக்கப்போவதில்லை. அழித்துவிடுகிறேன்டி.

நாளைக்கு.