வரிசை தெரிந்த வாத்தியார்

மலாயாவில் கெலாங் பாத்தா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கராஜு தமிழ் வாத்தியார். ஜப்பான்காரன் வந்த மறு வருஷம் தமிழை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். இனிப் பள்ளிக்கூடத்தில் நிப்பொங்கோ என்கிற ஜப்பான் மொழிதான். அந்த மொழியில் பரீட்சை எழுதித் தேறுகிற வாத்தியாருக்கு வேலையும் அரிசியும் உண்டு. தேறாதவன் சயாமில் ரயில் பாதை போட லாரி ஏற வேண்டும். அங்கே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை.

பெரிய பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால் மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். ஐம்பது வாங்க வேண்டிய இடத்தில் தங்கராஜு வாங்கியது முப்பத்தொன்று. அதிகாரி ஒவ்வொரு மார்க்கையும் உரக்கப் படித்து, ஐம்பதுக்குக் கீழே வாங்கியவர்களை வரிசையாக நிறுத்திக் கன்னத்தில் அறைந்தான். அடுத்த தோட்டத்து வாத்தியார் காசிக்கும் அறை விழுந்தது.

திரும்பி நடக்கும்போது காசி சொன்னார், "முனியாண்டிக்கு ஆடு நேந்துக்கிட்டேன் வாத்தியாரே."

"ஆடா வந்து பரீட்சை எழுதப் போகுது? அது சரி, ஆட்டுக்கு எங்க போவீரு? இருந்ததையெல்லாம் ஜப்பான்காரன் தின்னுட்டானே!"

"அட அலமாக், சாமிகிட்டயாவது கடன் சொல்லக் கூடாதா?"

தங்கராஜு சிரிக்கவில்லை. கன்னம் எரிந்தது. பதினைந்து வருஷம் பாடம் சொன்னவனை நிற்கவைத்து அறைய இவன் யார்? ஒரு பாஷை தெரியாதது சாகவேண்டிய குற்றமா?

வீட்டில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மனைவி செல்லம் அவர் கன்னத்தைப் பார்த்தாள். "நாளெல்லாம் கத்திக் கத்திப் படிச்சீங்களே, என்னாச்சு?"

"எல்லா எழுத்தும் தெரியும்டி! தலைகீழாச் சொல்லுவேன்!"

"அப்ப எதுக்கு அறை வாங்குனீங்க?"

கோபத்தோடு பரீட்சைத் தாளை விரித்தார். ஓரமெல்லாம் அவரே வைத்த பென்சில் புள்ளிகள். ஒரு எழுத்து வந்ததும் முதலிலிருந்து மனசுக்குள் சொல்லிச் சொல்லி, அது வரும் இடம்வரை புள்ளி வைத்து எண்ணியிருக்கிறார். பாதித் தாளில் நேரம் முடிந்துவிட்டது.

ஜப்பான் எழுத்து அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, கி, கு என்று போகும். அட, நம்ம அரிச்சுவடி மாதிரியே இருக்கிறதே என்று தமிழ் வாத்தியார்கள் அத்தனை பேரும் மகிழ்ந்து, ராகம் போட்டு ஒப்பித்தார்கள். வரிசை வாயில் ஏறியது. எழுத்து கண்ணில் ஏறவில்லை. தன் பள்ளிப் பிள்ளைகளும் இப்படித்தான் என்று அவருக்குத் தோன்றியது. ஏழெட்டு எவ்வளவு என்றால் ஓரேழிலிருந்து தொடங்குவார்கள். அதற்கு அவர் பிரம்பால் அடிப்பார். இப்போது அந்தக் கோபம் தன்மேலேயே திரும்பியது.

ரப்பர் வாங்க ஆளில்லாததால் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்கள் ஸ்டோரில் குவிந்து கிடந்தன. ஒரு கூடை அள்ளிவந்து, மங்குக்கு ஒரு எழுத்தாகச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதினார். செல்லம் கலைத்துக் கலைத்து நீட்டுவாள். பார்த்தவுடன் சொல்ல வேண்டும். முனகினால் மங்கு மறுபடி கூடைக்குள் விழும்.

"உதடு அசையுது, திருட்டு வாத்தியாரே!" என்பாள்.

அது பழகியதும் மங்குகளைச் சேர்த்து வைத்துச் சொற்கள், பிறகு அரிசி மூட்டையிலும் சாலைப் பலகையிலும் எழுதியிருப்பவை. காசியையும் கூப்பிட்டார். காசி இரண்டு நாள் வந்தார். "ராகம் இல்லாம எனக்கு ஏறல" என்று நின்றுவிட்டார்.

பரீட்சை நடந்தது. தங்கராஜு எழுபத்திரண்டு. காசி நாற்பத்தைந்து. தேறாத ஏழு வாத்தியார்களையும் வெயிலில் நிறுத்தி, அதிகாரி ஒரு காகிதத்தைத் தங்கராஜுவிடம் நீட்டினான். நன்றாகத் தேறியவன் இதைப் படித்து இவர்களுக்குத் தமிழில் சொல்லட்டும் என்றான்.

தங்கராஜு படித்தார். ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை. வியாழக்கிழமை லாரி வரும், சயாமில் மூன்று மாத வேலை, வயிறு நிறையச் சோறு, மருத்துவர் உண்டு, பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். இத்தனை பொய்யைச் சரளமாகப் படிக்கவா மங்கு மங்காகப் படித்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு தமிழில் தொடங்கினார்.

"மூணு மாசம், நல்ல சோறு, பத்திரமா திரும்பலாம்னு எழுதியிருக்கான். அத்தனையும் பொய். வியாழக்கிழமை லாரி வருது. அதுக்குள்ள மலாய்க்காரங்க குடியிருக்கற கம்பத்துக்கோ காட்டுக்கோ போயிடுங்க. நான் சிரிச்சுக்கிட்டே சொல்றேன், நீங்களும் தலைய ஆட்டுங்க. காசி, முழிக்காதீரு, ஆட்டும்!"

ஏழு தலைகளும் ஆடின. ஒரு சொல்லும் புரியாத அதிகாரிக்குத் திருப்தி. தங்கராஜுவின் தோளில் தட்டிக்கொடுத்தான்.

வியாழக்கிழமை லாரி வந்தது. காசி இல்லை, இன்னும் நான்கு பேரும் இல்லை. கைப்பிள்ளைகளை விட்டு ஓட முடியாத இரண்டு பேர் மட்டும் துணிமூட்டையோடு வந்து ஏறினார்கள். அஞ்சு பேரைக் காப்பாத்துனீங்களே என்று செல்லம் சொன்னபோது தங்கராஜு கத்தினார்: "அந்த ரெண்டு பேரும் என்னடி தப்பு பண்ணாங்க?"