மருதாத்தாள் வைத்த காக்காய்ச் சோறு

கொல்லங்கோட்டுச் சந்தையில் என் அண்ணன் மனைவி மருதாத்தாளிடம் ஒரு முறை எடை குறைத்துக் கொடுத்த கத்தரிக்காய்க்காரன், அடுத்த வாரம் கடையைக் கோடி வரிசைக்கு மாற்றிக்கொண்டான். அவர் வாய் அப்படி. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையாள் என்போம். முத்தாத்தாளை நான் கட்டிக்கொண்டு வரும்வரை பத்து வருஷம் எனக்குச் சோறு போட்டவர் இந்த நங்கையாள்தான். திட்டிக்கொண்டேதான் போடுவார். ஆனால் தட்டைக் காலியாக விடமாட்டார். அப்படிப்பட்ட மனுஷியை நான் பட்டினி போட்டேன். இருபது நாளுக்கு மேல். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

அண்ணன் காளிச்சாமி 1973 ஐப்பசியில் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் பொதுவான பொடக்காலியில், அதாவது புழக்கடையில், கிணற்றை ஒட்டி ஒரு துவைகல் கிடந்தது. காரியமெல்லாம் முடிந்த மறுநாளிலிருந்து நங்கையாள் அந்தக் கல்லைக் கழுவிவிட்டு உச்சிப்பொழுதில் காக்காய்க்குச் சோறு வைக்க ஆரம்பித்தார். காக்காய் ஒரு வாய் எடுத்த பிறகுதான் தாம் கையை நனைப்பார். இது ஊரில் இல்லாத வழக்கமல்ல. அமாவாசைக்கும் திதிக்கும் எல்லா வீட்டிலும் செய்வதுதான். நங்கையாள் தினமும் செய்தார். கூடவே பேச்சு வேறு.

"இன்னைக்குக் கொள்ளு ரசமுங்க. உப்பு ஒரு கல்லு தூக்கலாப் போச்சு. பொறுத்துக்குங்க."

உயிரோடு இருந்தபோது அண்ணன் இவ்வளவு மரியாதையைக் கண்டதில்லை. நானும் முத்தாத்தாளும் உள்ளே நின்று சிரிப்போம். எருது முட்டியதிலிருந்து அண்ணன் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். வருகிற காக்காய்களில் ஒன்றும் இடது காலைத் தூக்கியே வைத்திருக்கும். அதுதான் அண்ணன் என்று நங்கையாள் முடிவு கட்டிவிட்டார். அதற்குமேல் அவருக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அடுத்த பங்குனியில் மழையில்லாமல் தென்மலைப் பக்கம் காய்ந்து கிடந்தது. குரங்குகள் இறங்கி வந்தன. முதல் நாள் ஒன்று, கல்லில் மிச்சமிருந்த சோற்றைத் தின்றுவிட்டுப் போனது. அது போய் என்ன சொன்னதோ, நாலாம் நாள் கூட்டமாக இருபது வந்தன. காக்காய் தின்று முடித்ததும் அவை வரும். கல்லை நக்கிவிட்டு என் அவரைப் பந்தலில் ஏறும். பிஞ்சைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓட்டைப் பிரித்து உள்ளே கையை விட்டன. முத்தாத்தாள் காயப்போட்ட வடகத்தை முறத்தோடு தூக்கிப்போய்ப் புளியமரத்தில் உட்கார்ந்து தின்றன.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், மெதுவாகத்தான் போகும். நங்கையாளிடம் போய், கொஞ்ச நாளைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொன்னேன்.

"அவியளப் பட்டினி போடச் சொல்றீங்களா கொழுந்தனாரே?" அவிய என்றால் அண்ணன்.

"அமாவாசைக்கு அமாவாசை வெச்சாப் போதாதுங்களா?"

"நீங்க அமாவாசைக்கு அமாவாசைதான் திங்கறீங்களா?"

இந்த வாயிடம் யார் ஜெயிப்பது. திரும்பி வந்துவிட்டேன். ஆனால் கோபம் அடங்கவில்லை.

குரங்கைக் கொல்ல எனக்கு மனசில்லை. ஆஞ்சநேயர் வம்சம், ஏழு தலைமுறைக்குப் பாவம் என்று வளர்ந்தவன் நான். கொல்ல வேண்டாம், வயிற்றைக் கலக்கிவிட்டால் போதும், கூட்டம் வேறு பக்கம் போய்விடும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். அவரைக்கு அடிக்க வைத்திருந்த பூச்சி மருந்தில் துளி எடுத்து, வெல்லம் போட்டுப் பிசைந்த சோற்றில் கலந்தேன். காக்காய்கள் தின்றுவிட்டுப் போகும்வரை காத்திருந்து, நங்கையாள் உள்ளே போனதும் அந்த உருண்டைகளைக் கல்லில் வைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

குரங்குகள் வந்தன. ஒரு கிழட்டுப் பெண் குரங்கு உருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்தது. கல்லில் தேய்த்தது. மறுபடி முகர்ந்துவிட்டு வீசி எறிந்தது. மற்றவை அதைப் பார்த்துவிட்டு ஒன்றையும் தொடவில்லை. நேராக அவரைப் பந்தலுக்குப் போய்விட்டன. நான் தடியை எடுத்துக்கொண்டு துரத்தினேன். அந்த ஆத்திரத்தில், கல்லிலும் கீழேயும் கிடந்த உருண்டைகளைப் பொறுக்க மறந்துபோனேன். மறந்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாளைக்காவது தின்னட்டும் என்று விட்டேனோ என்னவோ, இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்து பால் கறக்கப் போனபோது பொடக்காலியில் ஏழு காக்காய்கள் கிடந்தன. ஒன்று இன்னும் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தது. அது இடது காலைத் தூக்கிவைக்கிற காக்காய். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அடங்கிவிட்டது.  

நங்கையாள் எழுவதற்குள் ஏழையும் சாக்கில் போட்டு எருக்குழியில் புதைத்தேன். கல்லைத் தேய்த்துக் கழுவினேன். முத்தாத்தாள் மட்டும் பார்த்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அன்று காலை முழுக்க எங்கிருந்தோ நூறு காக்காய்கள் வந்து புளியமரத்தில் உட்கார்ந்து கத்தித் தீர்த்தன. பிறகு ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சாவு விழுந்த இடத்தைக் காக்காய் மறப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

உச்சிக்கு நங்கையாள் சோறு வைத்தார். கூப்பிட்டார். வரவில்லை. வெயில் சாயும்வரை நின்றார். பிறகு சோற்றை மாட்டுக்குக் கொட்டிவிட்டு ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கல்லில் சோறு கிடப்பதைப் பார்த்துக் குரங்குகள்தான் வந்தன. குரங்கு தின்றால் அது கணக்கில் சேராது.

அஞ்சாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. அவர் உள்ளே போன நேரத்தில் கல்லில் இருந்த சோற்றை வழித்து மாட்டுத் தொட்டியில் கொட்டினேன்.

"காக்கா வந்து தின்னுபோட்டுப் போச்சுங்க நங்கையா. நான் பாத்தேன். போய்ச் சாப்பிடுங்க."

அவர் முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்க முடியவில்லை. இலை போட்டு உட்காருவதற்கு முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். தொட்டியில் சோறு மிதந்தது.  சோற்றுச் சட்டியை மூடி வைத்துவிட்டார். எதற்கும் ஏச்சுக் குறையாத அந்த வாய், என்னை அன்று ஒரு சொல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினோராம் நாள் என்னைக் கூப்பிட்டார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஒரு கத்து எழுதோணும் கொழுந்தனாரே." கடிதத்தை இங்கே மலையாளத்தார் மாதிரி கத்து என்றுதான் சொல்வோம்.

"ஆருக்குங்க?"

"கமலாவுக்கு."

அந்தப் பேரை அவர் சொல்லி நாலு வருஷம் ஆகியிருந்தது. கமலாத்தாள் அவருக்கு ஒரே மகள். எங்கள் ஊருக்குக் கரண்டுக் கம்பம் நட வந்த ஏசுதாஸ் என்கிற பையனோடு போய்விட்டாள். இருவரும் இடுக்கிப் பக்கம் ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்தில் இருந்தார்கள். அவள் போனபோது ஊரைக் கூட்டிக் கத்தியதில் முதல் ஆள் நான். தலைமுழுகிவிட்டோம் என்று சொன்னது நங்கையாள்.

"சாகறதுக்கு நாலு நாளைக்கு முன்னால, கமலாவ ஒருக்காப் பாக்கோணும், கத்துப் போடச் சொல்லுன்னு அவிய சொன்னாங்க. நான் உங்ககிட்டச் சொல்லவேயில்ல. என்ற வீம்பு. அது மனசுலயே இருந்து, இப்பத்தான் அவியளுக்குக் கோவம் வந்திருக்குது. அதான் என்ற கையில சோறு வாங்க மாட்டேங்கறாங்க."

நங்கையாள் அழுது நான் பார்த்தது அன்றுதான். அண்ணன் பிணத்துக்கு முன்னால்கூட அவர் அழவில்லை, அதட்டிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். நானோ பேனாவைத் தேடினேன். கமலா வந்தால் இவர் சாப்பிட்டுவிடுவார், என் தப்பு என்னோடு போய்விடும் என்று கணக்குப் போட்டேன். அண்ணன் சொன்னதைச் சொல்லாமல் விட்டது அவர் தப்பு. அதை அவர் சொல்லிவிட்டார். என் தப்பு எருக்குழியில் கிடந்தது.

கத்துப் போய்ச் சேர்ந்து, இரண்டு நாள் பஸ் மாறி மாறிக் கமலா வந்து இறங்க இன்னும் பத்து நாளாயிற்று. ஏசுதாஸும் வந்தான். வாசலிலேயே நின்றான். நங்கையாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றார். கமலா அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, வெறும் எலும்பு" என்று கத்திவிட்டாள்.

உச்சிக்குக் கமலா தலைக்குக் குளித்துவிட்டு, பருப்பும் நெய்யும் விட்ட சோற்றைக் கல்லில் வைத்தாள். "அப்பா, நான் கமலா வந்திருக்கறேன்" என்றாள். எல்லாரும் கிணற்றடியில் நின்றோம். மரத்தில் ஒரு இலை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டின்மேல் சத்தம் கேட்டது. அந்தக் கிழட்டுக் குரங்குதான். இறங்கி வந்து சோற்றை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

நங்கையாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மக வந்தும் அவிய மனசு எறங்கல. இனி எனக்கு மோரும் வேண்டாம். இப்பிடியே போறேன்."

சொன்னால் செய்கிற மனுஷி.  ஏசுதாஸ் நிற்கிறான், கமலா நிற்கிறாள் என்றெல்லாம் பார்க்கவில்லை.

"அண்ணனுக்குக் கோவம் ஒண்ணுமில்லீங்க நங்கையா. காக்காயெல்லாம் நான்தான் கொன்னுபோட்டேன். கொரங்குக்குன்னு மருந்து கலந்து வெச்சேன், காக்கா தின்னுபோட்டுது. ஏழு காக்கா. அந்த நொண்டிக் காக்காயும்."

அவர் என்னையே பார்த்தார்.  பிறகு சிரித்தார். அத்தனை நாளில் முதல் சிரிப்பு.

"மாட்டுத் தொட்டியில சோத்தக் கொட்டிப்போட்டுக் காக்கா தின்னுதுன்னு சொன்னவருதான நீங்க?"

"இல்லீங்க, இது நெசமுங்க."

"பாத்தியா கமலா? நான் ஒரு வாய் திங்கோணும்னு உன்ற சித்தப்பன் காக்காயக் கொன்ன பாவத்தையே தலையில ஏத்திக்கறாரு. பாவத்த ஆராச்சும் கேட்டு வாங்குவாங்களா? பெத்த அப்பனக் கொன்னேன்னு சொல்றாப்பல சொல்றாரு."

கமலா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நங்கையாள் அவள் தோளைப் பிடித்து எழுந்தார்.

"இந்த மனுசனுக்காகவாச்சும் நான் தின்னுதான் ஆகோணும். எலையப் போடு. அவிய கோவிச்சுக்கிட்டாக் கோவிச்சுக்கட்டும்."

வாசற்படியில் முத்தாத்தாள் நின்று என்னையே பார்த்தாள். எருக்குழி பதினைந்தடி தூரம். மண்வெட்டி சாத்தியிருந்தது. நாலு வெட்டு வெட்டினால் சாக்கு வந்துவிடும். ஆனால் நங்கையாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார், கமலா சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். இப்போது தோண்டினால் அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அது உண்மைதான். அது மட்டும் உண்மையல்ல என்பதும் எனக்குத் தெரியும். அவர் நம்பாதது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது! நானும் கால் கழுவிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தேன்.

ஆடிக்காற்றில் காக்காய்கள் மெல்லத் திரும்பி வந்தன. அவற்றில் நொண்டி இல்லை. அண்ணனுக்குக் கால் சரியாகிவிட்டது என்று நங்கையாள் சந்தோஷப்பட்டார். கமலா வருஷம் தவறாமல் பிள்ளைகளோடு வருகிறாள். எல்லாம் நல்லதில்தான் முடிந்தது, ஏன் இன்னும் குமைகிறீர்கள் என்று முத்தாத்தாள் கேட்கிறாள். நல்லது நடக்கட்டும் என்றா நான் மருந்து கலந்தேன்?

இப்போது 1979. ஐந்து வருஷமாக, வீட்டுக்கு எந்த ஒரம்பரை, அதாவது உறவுக்காரர், வந்தாலும் நங்கையாள் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. செய்யாத பாவத்தைச் சுமந்த கொழுந்தன் என்று சொல்லி முதல் கரண்டிச் சோற்றை எனக்குத்தான் போடுகிறார். வந்தவர்கள் என்னைக் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார்கள். நான் குனிந்து சாப்பிடுகிறேன். இரண்டாம் முறை மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நங்கையாளுக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.