எட்டுப் பேர் அறையிலிருந்து வந்தவன்

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் எனக்குக் கிடைத்த மாணவர் விடுதி அறையைப் பற்றி எழுதியபோது ஊரிலிருந்த நண்பர்கள் எல்லாரும் வயிறெரிந்தார்கள். தனி அறை. தனிக் கட்டில், தனி மேசை, அறைக்குள்ளேயே முகம் கழுவ ஒரு தொட்டி, பூட்டினால் யாரும் தட்டாத கதவு. மதுரைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில், மூன்று பேர் அறையில் ஐந்து பேராகக் கிடந்தவன் நான். அவர்களுக்கு என் அறை சொர்க்கமாகத் தெரிந்ததில் தப்பில்லை.

எனக்கும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் தெரிந்தது. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகளெல்லாம் மூடிக் கிடந்த மத்தியானத்தில், அம்மாவுக்கு போன் போட்டு வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. கரகரவென்று ஏதோ வந்தது. சளி பிடித்துவிட்டதா என்று அம்மா பதறினாள். சளியெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆமாம்மா, சளிதான் என்று சொல்லிவிட்டேன்.

என் மாடியில் பன்னிரண்டு அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஜெர்மன் மாணவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பார்த்தால் ஹலோ சொல்வார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அழுக்குத் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ரயிலேறிவிடுவார்கள். அதற்கப்புறம் திங்கட்கிழமை வரை அந்த மாடியில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். ஊருக்குள் தமிழர்கள் இருந்தார்கள்தான். ஆனால் வலியப் போய் அறிமுகம் செய்துகொள்கிற சாமர்த்தியம் எனக்கு என்றைக்கும் கிடையாது. கூட்டமெல்லாம் நான் கேட்கவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்ன ஒரே ஒரு ஆள் போதும் என்றிருந்தது.

அந்த ஆள் எதிர் அறையிலேயே இருந்தான். சீனாக்காரன், என்னைப்போலவே மேற்படிப்புக்கு வந்தவன். ஒரு சனிக்கிழமை நான் சோறு வடித்துக் கஞ்சியைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஐயோ என்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் அவன் நிற்கிறான், கொலையைப் பார்த்தவன் முகத்தோடு. பத்து நிமிடத்தில் தன் அறையிலிருந்து ஒரு குட்டி ரைஸ் குக்கரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். அன்றைக்கு அவன் வைத்த சோறும் நான் வைத்த ரசமும் சேர்ந்தன. ரசத்தை அவன் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிட்டு, இது என்ன நோய்க்கு என்று கேட்டான்.

அதற்குப் பிறகு தினமும் ஏழு மணிக்கு அவன் வந்து என் கதவை இரண்டு தட்டுத் தட்டுவான். இரண்டு பேருக்கும் ஜெர்மன் அரைகுறை. ஆங்கிலம் எனக்குப் பரவாயில்லை, அவனுக்கு உடைசல். அந்த உடைசலில் அவன் ஓயாமல் பேசியது தன் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான். ஓர் அறைக்கு எட்டுப் பேர், நாலு இரட்டைக் கட்டில். சுற்றிலும் மதில், மதிலுக்குள்ளேயே பாங்கி, தபால் நிலையம், முடிவெட்டும் கடை, பழக்கடை, செருப்புத் தைக்கிறவர். நாலு வருடம் வெளியே வராமலே ஒருவன் படித்து முடித்துவிடலாம். குளிக்கத் தனிக் கட்டடம். அங்கே போவதென்றால் சோப்பு டப்பாவோடு எட்டுப் பேரும் ஊர்வலம். குடிக்கிற வெந்நீருக்கு இன்னொரு கட்டடம். மாலையில் ஆளுக்கு இரண்டு பிளாஸ்க்கோடு வரிசையில் நிற்பார்களாம், அசந்தால் பிளாஸ்க் காணாமல் போய்விடுமாம். காலையில் ஒலிபெருக்கி எழுப்பும். குறித்த நேரத்தில் மொத்தக் கட்டடத்துக்கும் விளக்கை அணைத்துவிடுவார்கள். கீழே வாசலில் ஒரு அம்மாள் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருப்பாள், அவளிடம் அழுது காரியம் சாதிக்கிற கலையில் அவன் கெட்டிக்காரனாம்.

“நாலு வருடத்தில் ஒரு மணி நேரம்கூட நான் தனியாக இருந்ததில்லை. அப்போது ஒரு தனி அறைக்காக ஏங்கினேன்” என்றான்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று அவனுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். ஆற்றையும் கரையையும் கையால் வரைந்து காட்டினேன். எந்த ஆறு என்று கேட்டான். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தக் குளிர்காலத்தில் நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்தச் சமையலறையில்தான்.

பிப்ரவரியில் தேர்வு நெருங்கியது. விடுதி அறையில் எனக்குப் படிப்பு ஓடாது. நூலகத்துக்குப் போவேன். ஊரிலுள்ள மாணவர்கள் அத்தனை பேருக்கும் அதே யோசனை வந்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் நல்ல நாற்காலி கிடைக்காது. அவன் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறவன். நான் சாவகாசமாகப் பத்து மணிக்குப் போனவன். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் ஜன்னலோரத்தில் அவனைப் பார்த்தேன். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவனுடைய மேல்சட்டை விரித்திருந்தது. மேசையில் ஒரு தடித்த அகராதி. அவன் தலையைத் தூக்கிப் பார்த்து, கையை உயர்த்தினான். நானும் கையை உயர்த்திவிட்டு மேல்மாடிக்குப் போய், கழிப்பறைப் பக்கத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

நம் ஊரில் பஸ்ஸுக்கு ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம். துண்டு விழுந்துவிட்டால் அது யாரோ ஒருவருக்குச் சொந்தம், கிழவியானாலும் கர்ப்பிணியானாலும் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். எடுத்துவிட்டு உட்கார்ந்தால் அடிதடி. அந்தப் பாடம் எனக்குப் பாலோடு ஊறியது. யாருக்கோ இடம் பிடித்திருக்கிறான் என்று புரிந்தது. யாருக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாளும் மேல்சட்டை. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் போனதும் எனக்குள் ஒன்று புளிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு அறைக்கு நடுவில் எனக்கு இருப்பது அவன் ஒருவன். அவனுக்கோ வேறு யாரோ இருக்கிறார்கள், அவன் மொழி பேசுகிற யாரோ. நான் சமையலறை ஆள், அவ்வளவுதான். சோற்றுக்கு நான், படிப்புக்கு அவர்கள். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன். வாயைத் திறந்து கேட்டிருந்தால் முத்து உதிர்ந்திருக்காது. ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அதில் எங்கள் வம்சத்தை அடிக்க ஆளில்லை.

அன்று மாலை ஏழு மணிக்குக் கதவில் இரண்டு தட்டு. சாப்பிட்டாகிவிட்டது என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். ரொட்டியில் ஜாம் தடவித் தின்றுகொண்டிருந்தேன். அடுத்த நாளும் சாப்பிட்டாகிவிட்டது. மூன்றாம் நாள் தட்டு ஒன்றாகக் குறைந்தது. பிறகு அதுவும் நின்றது. அவன் சோறு வேகிற வாசனை மட்டும் கதவுக்குக் கீழே வரும். நான் ரொட்டியோடு உட்கார்ந்து, சரி, இவ்வளவுதான் இவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மூன்று வாரம் அப்படிப் போனது. அவனும் நூலகத்தில் என்னைக் கண்டால் கை தூக்குவதை விட்டுவிட்டான்.

ஒரு தேர்வு நாளன்று காலையில் சீக்கிரமே நூலகத்துக்குப் போயிருந்தேன். மாடிப்படியில் நின்று அம்மாவிடம் ஆசி வாங்கி போனை வைத்தால், படி துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி தமிழோ?”

ஆமாம் என்றேன். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே காலை நேரத்துத் துப்புரவு வேலை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப அந்தச் சீனப் பெடியன் சொன்ன ஆள் நீங்கள்தானே? கண்ணாடி போட்ட, கட்டையான பெடியன் அவன்.”

“என்ன சொன்னான்க்கா?”

“காலமை நான் வேலைக்கு வரேக்க அவன் வாசல்லை நிப்பான். கதவு திறக்க ஓடிப்போய் ரெண்டு கதிரை பிடிப்பான். இஞ்சை உடுப்புப் போட்டு இடம் பிடிக்க ஏலாது எண்டு நான் ஏசினனான். தன்ரை கூட்டாளிக்கு, ஒரே விடுதியிலை இருக்கிற இந்தியப் பெடியனுக்கு எண்டு சொன்னவன். பாவமா இருந்தது, நானும் கண்டும் காணாத மாதிரி விட்டிட்டன்.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “நீங்கள் ஏன் தம்பி அவனுக்குப் பக்கத்திலை போய் இருக்கேல்லை? ஏதும் பிரச்சினையோ?”

ஒன்றுமில்லைக்கா என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினேன். ஜன்னலோரத்தில் அவன் இருந்தான். பக்கத்து நாற்காலியில் ஒரு ஜெர்மன் மாணவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தான். எதிர் அறைக்காரனைக் கையைப் பிடித்து வெளியே கூப்பிட்டேன்.

பஸ்ஸையும் துண்டையும் பற்றி நான் உளறியது அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பொறுமையாகக் கேட்டான். பிறகு அவன் சொன்னான்: அவர்கள் பல்கலைக்கழகத்திலும் தேர்வுக் காலத்தில் இடம் கிடைக்காது. அறையில் முதலில் எழுந்தவன் போய் எட்டு நாற்காலியிலும் ஆளுக்கொரு புத்தகம் போட்டு வைப்பான். மற்றவர்கள் தூங்கி எழுந்து வந்து உட்காருவார்கள். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அது வெளியாளுக்குச் செய்வது.

“நீ பார்த்தாய். கை காட்டினாய். மேலே போனாய்” என்றான். “தினமும் போனாய். என் பக்கத்தில் உட்கார உனக்கு விருப்பமில்லை என்று நினைத்தேன்.”

அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்குச் சாயங்காலம் ரசம் வைக்கிறேன், நானே வந்து கதவைத் தட்டுகிறேன் என்றேன். அவன் சிரித்தான். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

அடுத்த அரையாண்டுக்கு அவனுக்கு இரண்டு இடத்தில் பயிற்சி வேலை கிடைத்திருந்தது. ஒன்று இங்கேயே, டிராமில் பதினைந்து நிமிடம். இன்னொன்று தூரத்தில், டுசல்டோர்ஃப் நகரத்தில். அங்கே அவனுடைய பழைய எட்டுப் பேரில் ஒருவன் இருந்தான். போன வாரம் டுசல்டோர்ஃபுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டான்.

“இங்கேயே இருக்கத்தான் முதலில் நினைத்தேன்” என்றான். “ஆனால் அங்கே என் எட்டுப் பேரில் ஒருவன் இருக்கிறான். இங்கே நீ ஒருவன். நீயும் பேசவில்லை.”

தனிமை என்பது என் அறையில் மட்டும் இருப்பதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நடையைத் தாண்டினால் இன்னொரு கதவு. அதற்குப் பின்னால் ஒருவன் ஒற்றை ஆளாக உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறான். அதற்குக் காரணம் நான்.

மார்ச் கடைசியில் கிளம்பினான். அவனுடைய பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிராம் நிறுத்தம் வரை போனேன். வழியெல்லாம் பேசினேன். என் ஹாஸ்டலைப் பற்றி, அப்பாவைப் பற்றி, அன்றைய தேர்வைக் கோட்டைவிட்டதைப் பற்றி, எது வாயில் வந்ததோ அதையெல்லாம். மூன்று வாரம் பேசாததையும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிட வேண்டும் என்பது போல. அவன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். பேச்சு பாதியில் இருக்கும்போதே டிராம் வந்துவிட்டது.